ஸ்கேன் சரி, பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லையே!

விளையாட்டும் உடலும் – வாசகர் கேள்வி பதில்

பாடசாலைகளுக்கிடையிலான உதைபந்தாட்டப் போட்டிகள் தொடங்கிவிட்டால் எனக்கு வரும் கடிதங்களும் அதற்கேற்ப மாறிவிடும். வழக்கமாக முழங்கால், கணுக்கால் பற்றித்தான் கேட்பார்கள். இந்தத் தடவை வந்தவற்றில் பாதிக்கு மேல் தலையில் அடிபட்ட கதைகள். ஆகவே இந்த இதழில் வேறெதையும் எடுக்கவில்லை. எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டேன். திருகோணமலை சின்ன ஊர். ஏகாம்பரம் மைதானத்தில் யார் யாரோடு மோதினார்கள் என்பது பின்னேரமே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. ஏ.எல் கணிதப் பிரிவு. பாடசாலை அணியின் கோல்கீப்பர். மூன்று கிழமைக்கு முன் பந்தைப் பிடிக்கப் பாய்ந்தபோது எதிரணிப் பிள்ளையின் முழங்கால் காதுக்கு மேலே அடித்துவிட்டது. மயங்கவில்லை. எழும்பி நின்று மிச்ச அரை மணித்தியாலமும் விளையாடினான். இரவு ஒருக்கால் சத்தி எடுத்தான். பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். ஸ்கேன் எடுத்து, ஒரு நாள் வார்டில் வைத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். இப்போது பிரச்சினை படிப்புத்தான். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறான். அரை மணித்தியாலத்தில் தலையிடி என்று படுத்துவிடுகிறான். ஒன்றுக்குமில்லாமல் தங்கச்சி மேல் எரிந்து விழுகிறான். ரியூஷன் மாஸ்டர் “போன் பார்த்துக் கெட்டுப்போனான்” என்கிறார். மாமியார் நாவூறு கழித்து, பத்திரகாளி அம்மன் கோயிலில் நூலும் கட்டிவிட்டார். அவன் நடிக்கிறானோ என்று எனக்கே சந்தேகம் வருகிறது. அடுத்த கிழமை இறுதிப் போட்டி வேறு இருக்கிறது. என்ன செய்வது? – ஒரு தாய், உப்புவெளி

பதில்: தங்கச்சி, முதலில் உங்கள் மனதைக் குடையும் கேள்விக்கு வருகிறேன். மகன் நடிக்கவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொன்றும் மூளை அதிர்ச்சிக்குப் பின் வரக்கூடியது. கன்கஷன் என்று டொக்டர்மார் சொல்வது இதைத்தான்.

ஆஸ்பத்திரியில் செய்தது சரி. தலையில் அடிபட்டு சத்தியும் எடுத்த பிள்ளைக்கு உள்ளே இரத்தக் கசிவு இருக்கிறதா, மண்டையோடு வெடித்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். சி.டி. ஸ்கேன் அதற்குத்தான். இரண்டும் இல்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் மூளை அதிர்ச்சி அந்த ஸ்கேனில் தெரிவதில்லை. அதில் கெட்டுப்போவது மூளையின் வேலை. படத்தில் விழும் அதன் வடிவம் அப்படியே இருக்கும்.

அடி விழும்போது மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குகிறது, திருகுகிறது. நரம்புக் கலங்களின் நீண்ட இழைகள் இழுபடுகின்றன. கலத்துக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே வந்துவிடும். வெளியே இருக்க வேண்டிய கல்சியம் உள்ளே புகுந்துவிடும். இதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மூளைக்கு வழமையை விட அதிகம் குளுக்கோஸ் தேவைப்படுகிறது. அந்த நேரம் பார்த்து மூளைக்கு வரும் இரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. ஆக, செலவு கூட, வரவு குறைவு. இந்தத் தட்டுப்பாடு நாட்கணக்கில், சிலருக்குக் கிழமைக்கணக்கில் நீடிக்கும். வீட்டில் வோல்டேஜ் குறைந்தால் லைட் எரியும், ஃபேனும் மெதுவாகச் சுற்றும், ஆனால் கிணற்று மோட்டர் தண்ணீர் இழுக்காது, பார்த்திருப்பீர்கள். மகன் சாப்பிடுவான், கூட்டாளிகளோடு சிரித்துக் கதைப்பான், போனைத் தட்டுவான். தொகையீட்டுக் கணக்கு மட்டும் நகராது. “கதைக்கும்போது நல்லாத்தானே இருக்கிறான்” என்று மாஸ்டருக்குத் தோன்றுவது அதனால்தான்.

பெரும்பாலும் அடிவாங்குவது மூன்று விஷயங்கள். கவனத்தை ஒன்றில் நிறுத்தி வைப்பது, யோசிக்கும் வேகம், கொஞ்ச நேரத்துக்கு மனதில் பிடித்து வைத்திருக்கும் சக்தி. ஒரு பௌதிகக் கணக்கை எடுங்கள். திணிவு இவ்வளவு, ஆர்முடுகல் இவ்வளவு, கயிற்றின் இழுவை தெரியாது என்று மூன்றையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொண்டுதான் அடுத்த வரியை எழுத வேண்டும். அவன் மூன்றாவதை வாசிக்கும்போது முதலாவது நழுவிவிடுகிறது. திரும்ப மேலே போகிறான். இப்படி நாலு தடவை போனால் யாருக்கும் தலை இடிக்கத்தான் செய்யும், கோபமும் வரும்.

என் கிளினிக்கில் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய மெஷின் எதுவும் வைப்பதில்லை. மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வேன். உங்கள் மகனின் வயதுப் பந்துவீச்சாளர் ஒருவர் தாயோடு வந்திருந்தார். பெயர், வகுப்பு, வீட்டு விலாசம் எல்லாம் கணீரென்று சொன்னார். மாதங்களை நேராகக் கேட்டால் ஒரே மூச்சு. பின்னாலிருந்து சொல்லச் சொன்னேன். டிசம்பர், நவம்பர், ஒக்டோபர், செப்டெம்பர், ஓகஸ்ட் வரைக்கும் வந்தார். நின்றார். கூரையைப் பார்த்தார். பிறகு “செப்டெம்பர், ஒக்டோபர்” என்று திரும்பி முன்னுக்குப் போகத் தொடங்கினார். தான் திசை மாறிவிட்டது அவருக்குத் தெரியவே இல்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த தாய் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதுவரை அவரும் உங்களைப் போலத்தான், மகனுக்குச் சோம்பல் என்று நினைத்திருந்தார். பத்துச் சொற்களைச் சொல்லிக்கொடுத்துச் சில நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்டபோது மூன்றுதான் வந்தது. சில கிழமைகளில் அவர் சரியாகிவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வளர்ந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் தேறிவிடுவார்கள். பதின்ம வயதினருக்கு நாலு கிழமை வரை போகலாம். உங்கள் மகன் மூன்றாம் கிழமையில் இருக்கிறார். கணக்குப்படி இது பிந்திப்போன கேஸ் அல்ல. ஆனால் அடிபட்ட பிறகும் அரை மணித்தியாலம் விளையாடினார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் இரண்டு தரம் வாசித்தேன். 2016இல் அமெரிக்காவில் இளம் விளையாட்டு வீரர்கள் 69 பேரைப் பின்தொடர்ந்து வெளியிட்ட ஆய்வொன்று இருக்கிறது. அடிபட்ட உடனேயே வெளியே வந்தவர்கள் சராசரியாக 22 நாளில் தேறினார்கள். தொடர்ந்து விளையாடியவர்களுக்கு 44 நாள் எடுத்தது. ஏற்கெனவே தட்டுப்பாட்டில் இருக்கும் மூளையிடம் மேலும் வேலை வாங்கினால் வேறென்ன நடக்கும்? இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, தங்கச்சி. நாலு கிழமை என்று நான் சொன்னது ஆறாகவும் போகலாம், அப்போது நீங்கள் உடைந்துபோகக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி என்ன செய்வது? முன்பெல்லாம் இருட்டு அறையில் படுக்க வைப்போம். இப்போது அப்படி இல்லை. 2022 ஒக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் உலக நிபுணர்கள் கூடி எடுத்த முடிவு இதுதான்: முதல் 24 முதல் 48 மணித்தியாலம் மட்டான ஓய்வு, போன் திரையையும் குறைப்பது, அதன் பிறகு மெல்ல மெல்ல அசைவைக் கூட்டுவது. இலேசான உடற்பயிற்சி தேறுவதை விரைவாக்குகிறது என்றே கண்டிருக்கிறார்கள். ஆகவே காலையில் வெயில் ஏறுமுன் உப்புவெளிக் கடற்கரையில் இருபது நிமிடம் வேகமாக நடக்கட்டும். நீங்களும் கூடப் போங்கள். தலையிடிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று நடக்க முன் கேளுங்கள். நடந்த பிறகு இரண்டுக்கு மேல் கூடினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, அடுத்த நாள் கொஞ்சம் குறைத்து நடக்கட்டும்.

படிப்பும் அப்படித்தான். பதினைந்து நிமிடம் வாசிப்பு, பத்து நிமிடம் ஓய்வு. அது பிடித்துக்கொண்டால் இருபது நிமிடம். அதிபருக்குக் கடிதம் கொடுத்து இரண்டு கிழமைக்கு அரை நாள் பாடசாலை கேளுங்கள். தவணைப் பரீட்சை என்றால் மேலதிக நேரம், இல்லாவிட்டால் பிறகு எழுத அனுமதி கேளுங்கள். வைத்தியரின் கடிதம் இருந்தால் பெரும்பாலான அதிபர்மார் தருவார்கள். நான் கட்டாயம் நிறுத்தச் சொல்வது ஒன்றைத்தான்: தகரக் கொட்டகைக்குள் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், மைக் சத்தம், வெக்கை, வெள்ளை லைட் என்று நடக்கிற அந்த மாலை ரியூஷன். மூளை அதிர்ந்த பிள்ளைக்கு அதைவிடக் கெடுதலான இடம் கிடையாது. நோட்ஸைக் கூட்டாளியிடம் வாங்கிக்கொள்ளலாம்.

மாஸ்டரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். காலை உடைத்துக்கொண்டு மாக்கட்டோடு வந்த பிள்ளையை யாரும் ஓடச் சொல்வதில்லை. தலையில் அடிபட்ட பிள்ளைக்கு வெளியே காட்ட ஒன்றுமில்லாததால் சோம்பேறி என்ற பெயர் கிடைக்கிறது. அது எவ்வளவு பெரிய அநியாயம்! நன்றாகப் படித்த பிள்ளை தனக்கு மூளை மழுங்கிவிட்டது என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருப்பான். வெளியே சொல்ல மாட்டான். அந்தப் பயமே நித்திரையைக் கெடுக்கும், நித்திரை கெட்டால் அடுத்த நாள் கவனம் இன்னும் கெடும். இது சரியாகிவிடும் என்று அவனிடம் வாய் திறந்து சொல்லுங்கள். தங்கச்சிக்கும் சொல்லி வையுங்கள், அண்ணா வேண்டுமென்று ஏசுவதில்லை என்று.

நூல் கையில் இருக்கட்டும், அதில் எனக்கு ஒன்றுமில்லை. நாலு கிழமை கடந்தும் இதே நிலை என்றால் திரும்ப வைத்தியரிடம் போக வேண்டும். தலையிடிக்குக் கழுத்துப் பிடிப்பு காரணமா, கண்கள் இரண்டும் சேர்ந்து வரியைத் தொடர்கின்றனவா, சமநிலை எப்படி, நித்திரை எப்படி, மனச்சோர்வு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சிகிச்சை உண்டு.

இறுதிப் போட்டி? இல்லை. பாடமே படிக்க முடியாத மூளையால் பெனால்டியைப் பிடிக்க முடியாது. யோசிக்கும் வேகம் குறைந்த கோல்கீப்பர் அரைக் கணம் பிந்தித்தான் பாய்வார், அந்த அரைக் கணத்தில்தான் அடுத்த முழங்கால் வந்து சேரும். மூளை அதிர்ச்சிக்குப் பிறகு களத்துக்குத் திரும்பும் வீரர்களுக்குக் கால் காயங்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு கூடுகின்றன என்றும் ஆய்வுகள் சொல்கின்றன.

கேள்வி: டொக்டர், கிண்ணியாவில் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறேன். எங்கள் மைதானத்தில் டொக்டரும் இல்லை, முதலுதவிக்காரரும் இல்லை. தலையில் அடிபட்டால் முகத்தில் தண்ணீர் அடித்து, இரண்டு விரலைக் காட்டி எத்தனை என்று கேட்போம். சரியாகச் சொன்னால் திரும்ப இறக்குவோம். இது போதுமா? – ஒரு பயிற்றுநர்

பதில்: தம்பி, போதாது. வெளிப்படையாகக் கேட்டதற்கு நன்றி, ஏனென்றால் எல்லா மைதானத்திலும் இதுதான் நடக்கிறது.

விரலை எண்ணுவதும் பெயர் சொல்வதும் மூளை அதிர்ந்த பிள்ளைக்கும் வரும். பத்தில் ஒன்பது பேருக்கு மயக்கமே வராது. அதனால் மயங்கவில்லை என்பதையும் கணக்கில் எடுக்காதீர்கள். 1995இல் அவுஸ்திரேலியாவில் மடொக்ஸ் என்ற உளவியலாளரின் குழு, அந்த நாட்டுக்கே உரிய ‘அவுஸ்திரேலியன் ரூல்ஸ்’ ஆட்ட வீரர்களிடம் பார்த்துக் கண்டுபிடித்த கேள்விகளை இன்றைக்கும் உலகம் முழுக்கப் பாவிக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளிடம் இப்படிக் கேளுங்கள்: இது எந்த கிரவுண்ட்? இப்போது முதல் பாதியா, இரண்டாவதா? கடைசியாக கோல் அடித்தது யார்? போன மெட்ச் யாரோடு? அதில் வென்றோமா? பிறந்த திகதி பழைய நினைவு, அசையாது. பத்து நிமிடத்துக்கு முன் விழுந்த கோல்தான் முதலில் அழிந்துபோகும்.

ஒன்றில் தடுமாறினாலும் அன்றைக்கு விளையாட்டு முடிந்தது. எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்லிவிட்டு, ஆனால் எழும்பப் பிந்தியிருந்தால், வெறித்துப் பார்த்தால், தலையைப் பிடித்துக்கொண்டு நின்றால், தள்ளாடினால், பந்தை எந்தப் பக்கம் கொண்டு போவதென்று தயங்கினால், அப்போதும் முடிந்ததுதான். ஐந்து நிமிடம் வெளியில் இருத்திவிட்டுத் திரும்ப இறக்கும் பேச்சே வேண்டாம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பீர்கள். 2019 ஓகஸ்டில் லோர்ட்ஸ் மைதானத்தில் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் ஜொஃப்ரா ஆர்ச்சரின் பந்து பட்டது. உலகத்திலேயே சிறந்த வைத்தியர்கள் பக்கத்தில். பரிசோதனைகளில் தேறினார், திரும்ப வந்து துடுப்பெடுத்தாடினார். அடுத்த நாள் காலையில்தான் அறிகுறிகள் தெரிந்தன. அவருக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் இறங்கினார். டெஸ்ட் வரலாற்றில் மூளை அதிர்ச்சிக்காக இறக்கப்பட்ட முதல் மாற்று வீரர் அவர்தான். நம்முடைய விஷ்வ பெர்னாண்டோவுக்கும் 2022 மே மாதம் சட்டோகிராமில் ஹெல்மெட்டில் பந்து பட்டது. அவருடைய இடத்துக்குக் கசுன் ராஜித வந்து 4 விக்கெட் எடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். பெரிய அணிகளுக்கே முதல் சில மணித்தியாலம் ஏமாற்றுகிறது. கிண்ணியா மைதானத்தில் உங்களுக்கு இருக்கும் ஒரே மருந்து, பிள்ளையை வெளியே எடுப்பதுதான்.

2011இல் வட அயர்லாந்தில் 14 வயது மாணவன் ஒருவன் பாடசாலை ரக்பி மெட்ச்சில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அடிபட்டும் தொடர்ந்து விளையாடி, மைதானத்திலேயே விழுந்து, பிறகு இறந்துபோனான். முதல் அடியிலிருந்து தேற முன் இரண்டாவது விழுந்தால் மூளை கட்டுக்கடங்காமல் வீங்கலாம். மிக அரிது. பெரும்பாலும் இளம் வயதினருக்குத்தான் வருகிறது. அந்த நாட்டில் மெட்ச் நடந்துகொண்டிருக்கும்போதே யாராவது அவனைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்திருக்கலாமே என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

உடனே 1990 சுவசெரியவைக் கூப்பிட வேண்டியவை: மயங்கினால், வலிப்பு வந்தால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், தலையிடி கூடிக்கொண்டே போனால், நித்திரை மயக்கத்திலிருந்து எழுப்ப முடியாவிட்டால், கை கால் விறைத்தால் அல்லது பலமிழந்தால், பேச்சு குழறினால், இரட்டையாகத் தெரிந்தால், மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல வடிந்தால். கழுத்து நோகிறது என்றால் தூக்கி நிறுத்தாதீர்கள், அப்படியே அசையாமல் கிடக்க விடுங்கள். தண்ணீர் அடிப்பது, முகர வைப்பது ஒன்றும் வேண்டாம்.

பிள்ளையைத் திரும்ப விளையாட்டுக்கு எடுப்பது படிப்படியாக: நடை, பிறகு தனியே ஓட்டம், பிறகு பந்தோடு தனியே, பிறகு மோதல் இல்லாத பயிற்சி. அதற்குப் பிறகுதான் வைத்தியரின் அனுமதியோடு முழுப் பயிற்சி, கடைசியில் மெட்ச். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் குறைந்தது ஒரு நாள். பிரித்தானியாவில் 2023இல் வந்த வழிகாட்டல், டொக்டர் இல்லாத சாதாரண மைதானங்களில் 21 நாளைக்கு முன் போட்டியில் இறக்கக் கூடாது என்கிறது. நீங்களும் அதையே பிடியுங்கள். இன்னொன்று: பிள்ளை பாடசாலையில் முழு நாள் இருந்து வழமைபோலப் படிக்கிறதா என்று வகுப்பாசிரியரைக் கேளுங்கள். கால் எவ்வளவு வேகமாக ஓடினாலும், வகுப்பில் தேறாத பிள்ளையை மெட்ச்சில் இறக்காதீர்கள்.

கேள்வி: தலையில் அடிபட்ட அன்று இரவு பிள்ளையைத் தூங்க விடக் கூடாதாம், மணிக்கொரு தரம் எழுப்ப வேண்டுமாம். உண்மையா? – ஒரு தந்தை, நிலாவெளி

பதில்: வைத்தியர் பார்த்து ஆபத்தில்லை என்று சொன்ன பிள்ளையைத் தூங்க விடுங்கள். நித்திரைதான் அந்த மூளைக்கு இப்போது தேவை. தனியே படுக்க விடாமல் பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும். யாரும் பார்க்காத பிள்ளை, மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்று இருக்கிறது என்றால் எழுப்பி எழுப்பிப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிக்கு அளவோடு பெனடோல் சரி. அஸ்பிரின், புரூஃபன் வகைகளை முதல் இரண்டு நாளுக்காவது தவிருங்கள், இரத்தக் கசிவு இருந்தால் கூட்டிவிடும். மோட்டார் சைக்கிள் சாவியை வாங்கி வைத்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 16 வயது. கபடி அணியில் இருக்கிறேன். பத்து நாளைக்கு முன் பயிற்சியில் பின்பக்கமாக விழுந்து தலை நிலத்தில் அடித்தது. வகுப்பில் ரீச்சர் சொல்வது தூரத்தில் கேட்பதுபோல இருக்கிறது. சொல்ல வந்த சொல் வராமல் நிற்கிறேன். வெளிச்சம் கூசுகிறது. அம்மாவிடம் சொன்னால் கபடியையே நிறுத்திவிடுவார். ஓ.எல் வேறு வருகிறது. சொல்லாமல் இருந்தால் தானாகச் சரிவருமா? – மூதூர்

பதில்: மகள், உன் கடிதத்தை வாசித்துவிட்டு நெடுநேரம் வேறு வேலை செய்ய முடியவில்லை. அடி விழுந்ததை விட, விளையாட்டைப் பறித்துவிடுவார்களே என்ற பயம் உனக்குப் பெரிதாக இருக்கிறது. எங்கள் ஊரில் பெண் பிள்ளைகளுக்கு அந்தப் பயம் காரணமில்லாமல் வருவதில்லை என்று எனக்கும் தெரியும்.

இருந்தாலும் சொல்ல வேண்டும். இன்றைக்கே. உதைபந்தாட்டம் போல ஆண்களும் பெண்களும் ஒரே மாதிரி விளையாடும் விளையாட்டுகளில் பெண் பிள்ளைகளுக்கே மூளை அதிர்ச்சி அதிகம் பதிவாகிறது. தேறுவதற்கும் சிலருக்குக் கூட நாள் எடுக்கிறது. நீ பயிற்சிக்குப் போய்க்கொண்டே இருந்தால் ஓ.எல்லும் போகும், கபடியும் போகும். மறைக்காமல் ஓய்ந்தால் இரண்டும் மிஞ்சும்.

அம்மாவிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் இந்தப் பக்கத்தைக் கையில் கொடு. அம்மா, இனி உங்களுக்கு: மகள் கபடியை நிறுத்த வேண்டியதில்லை. சில கிழமை தள்ளி வைத்தால் போதும். வைத்தியரிடம் கூட்டிப் போங்கள், பாடசாலையில் சொல்லி வைத்துப் படிப்பைக் கொஞ்சம் குறையுங்கள். அவள் உங்களிடம் உண்மை சொன்னதற்காகத் தண்டனையாக விளையாட்டைப் பறித்துவிட்டால், அடுத்த முறை அடிபடும்போது சொல்ல மாட்டாள். அடுத்த முறை ஏன் வரும் என்று கேட்காதீர்கள். விளையாடாத பிள்ளையும் படியில் வழுக்கி விழும்.

கேள்வி: எனக்கு 63 வயது. அந்தக் காலத்தில் மெக்ஹெய்சர் மைதானத்தில் பின்வரிசையில் நின்று விளையாடியவன். மழையில் ஊறிய தோல் பந்தைத் தலையால் அடித்தே பழகினோம். இப்போது பெயர்கள் மறக்கின்றன. வெளிநாட்டு வீரர்களுக்கு வந்த மூளை நோய் எனக்கும் வருகிறதோ? பேரனுக்குத் தலையால் அடிக்கப் பழக்கலாமா? – திருகோணமலை நகரம்

பதில்: ஐயா, நீங்கள் சொல்வது தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு. அதற்குப் பெரிய வரலாறு உண்டு. 1928இலேயே மார்ட்லண்ட் என்ற அமெரிக்க வைத்தியர் குத்துச்சண்டை வீரர்களின் தள்ளாட்டத்தையும் புத்தி மங்குவதையும் எழுதிவைத்தார். 2002இல் இங்கிலாந்தின் முன்னாள் உதைபந்தாட்ட வீரர் ஜெஃப் ஆஸ்டில் இறந்தார். 2014இல் அவருடைய மூளையைத் திரும்ப ஆராய்ந்தபோது, குத்துச்சண்டை வீரர்களில் கண்ட அதே சிதைவு இருந்தது. ஸ்கொட்லாந்தில் 7,676 முன்னாள் தொழில்முறை உதைபந்தாட்ட வீரர்களின் பதிவுகளைப் பார்த்து 2019இல் வெளியான ஆய்வு, மூளை சிதையும் நோய்களால் இறப்பது அவர்களுக்குச் சாதாரண மக்களை விட மூன்றரை மடங்கு என்றது. தலையால் அடிப்பது அரிதான கோல்கீப்பர்களுக்கு மறதி நோய் மருந்துகள் மற்ற வீரர்களை விடக் குறைவாகவே எழுதப்பட்டிருந்தன. அதே ஆய்வில் அந்த வீரர்கள் இருதய நோயால் இறந்தது குறைவு என்பதையும் சேர்த்து வாசியுங்கள்.

அவர்கள் வருடக்கணக்கில் நாள் தவறாமல் பயிற்சி எடுத்துச் சம்பளத்துக்கு விளையாடியவர்கள். உங்கள் கணக்கு வேறு. ஆஸ்டிலுக்கு இருந்த அந்த நோயை உயிரோடு இருக்கும்போது உறுதியாகச் சொல்லவும் முடியாது. இறந்த பின் மூளையை ஆராய்ந்துதான் சொல்கிறார்கள். அதனால் அதை நினைத்து நித்திரையைக் கெடுக்காமல், திருத்தக்கூடிய காரணங்களைத் தேடுவோம். பி12 விற்றமின், தைரொயிட், சீனி, பிரஷர் நான்கையும் பாருங்கள். காது மந்தமா என்றும் பாருங்கள். கேட்காத பெயரை மறந்துவிட்டோம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பெயர் மறந்து கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தால் அது வயது. பழகிய ஒழுங்கையில் வழி தவறினால், காசுக் கணக்குப் பிழைத்தால், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதாக வீட்டார் சொன்னால் தாமதிக்காமல் வாருங்கள். வரும்போது கூட மனைவியை அழைத்து வாருங்கள்; அவர் சொல்வதுதான் எனக்கு முக்கியம்.

பேரனுக்கு என்ன வயது என்று எழுதவில்லை. அமெரிக்க உதைபந்தாட்டச் சங்கம் 2015இல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தலையால் அடிப்பதைத் தடை செய்தது. 11 முதல் 13 வயது வரை பயிற்சியில் அளவு வைத்தது. நானும் அதையே சொல்வேன். பத்து வயது வரைக்கும் காலால் பழக்குங்கள், கற்றுக்கொடுக்க உங்களிடம் அதில் எவ்வளவோ இருக்கும்.

கேள்வி: விலை கூடிய ஹெல்மெட் வாங்கினால் மூளை அதிர்ச்சி வராதா? – கடினப்பந்து வீரர், தம்பலகாமம்

பதில்: மண்டையோடு வெடிப்பது, முகம் கிழிவது, பல் போவது எல்லாவற்றையும் நல்ல ஹெல்மெட் பெருமளவு தடுக்கும். ஆகவே கட்டாயம் போடுங்கள், வலைப் பயிற்சியிலும். உள்ளே மூளை குலுங்குவதை அது முழுதாகத் தடுக்காது. பந்து பலமாகப் பட்ட ஹெல்மெட்டில் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே வெடித்திருக்கலாம், அதை மாற்றிவிடுங்கள். அணிக்கு ஒரே ஹெல்மெட் என்று எல்லோரும் மாறி மாறிப் போடுகிறீர்கள் என்றால், உங்கள் தலைக்கு இறுக்கமாக நிற்கிறதா என்று பட்டியைப் போட்டுத் தலையை ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அது உங்கள் அளவு இல்லை.